ஓட்டி குதிக்காத நாட்கள்

காஞ்சனா ஈரல் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். வேகவைத்து ஆறிய கோழி ஈரல். ஒரு துண்டு பட்டாணி அளவு, அடுத்ததும் அதே அளவு. பத்துத் துண்டு சேர்ந்ததும் கத்தி முனையால் வரிசையாகத் தள்ளி, தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். பெரிதாய்ப் போனதும் ஓரம் பிய்ந்ததும் தனிக் கிண்ணத்துக்குப் போகின்றன. அந்தக் கிண்ணத்துக்கு அவள் வைத்திருக்கும் பெயர் ரிஜெக்ட்.

"எல்லாம் ஒரே வயித்துக்குத்தானே போவுது" என்றேன்.

"போவட்டும் நர்ஸம்மா. சைசு மாறிச்சின்னா அதுக்குக் கொழப்பம். பெருசா கெடைச்சா, ஏதோ பெரிய வேல பண்ணிட்டோம்னு நெனைச்சிக்கும்."

'அது' காலடியில் உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்து இறங்கிய எச்சில் தரையைத் தொட்டுவிட்டது. ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. செம்மண் நிறத்து நாட்டு நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது எப்போதும் மடிந்தே இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் காஞ்சனா ஓவர்டைம் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, உள்ளங்கை அளவுக் குட்டியாகப் பின்னாலேயே வந்து, பிள்ளைப்பாக்கத்தில் அவள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஓ.டி. பார்த்த நாளில் வந்ததால் பெயர் ஓட்டி.

காஞ்சனாவுக்கு முப்பத்தொன்பது வயது. ஒரகடத்தில் கார்க் கண்ணாடி செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை. வெள்ளை விளக்கு எரியும் சின்ன அறையில் தனியாக நின்று, நாள் முழுவதும் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துக் கீறல் தேட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கண் அந்த வேலையை விடுவதில்லை. இட்லியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பாள். கொடியில் துணி போட்டால் கிளிப்புகள் ஒரே இடைவெளியில் நிற்கும். அவள் மாமனாரின் முதுகுப் புண்ணுக்கு நான் ஒட்டிய பிளாஸ்திரி ஓரம் தூக்கியிருந்தால் வாயால் சொல்ல மாட்டாள். விரலால் தொட்டுக் காட்டுவாள். முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. குனிந்து பார்த்தேன். தூக்கித்தான் இருந்தது.

மாமனார் வரதராஜுலுவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. வலது பக்கம் செயலற்றுப் போனது, பேச்சும் குழறலாகிவிட்டது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்று முப்பது வருடம் ஆஸ்பத்திரிகளில் அதே வேலை செய்தவள் என்பதால், பக்கத்துத் தெருவிலிருக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். தினமும் காலை ஆறரைக்குப் போய், உடம்பு துடைத்து, கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வருவேன். நான் நர்ஸ் இல்லை என்று பலமுறை சொல்லியாயிற்று. அந்த வீட்டில் நான் நர்ஸம்மாதான்.

ஆறாவது மாதம் கால் கொஞ்சம் தேறியது; இடது கையால் வாக்கரைப் பிடிக்க வைத்து அவரை நிற்க வைத்தேன். நாலு அடி வைத்தார். அந்த நேரம் பார்த்து ஓட்டி வாசலிலிருந்து ஓடி வந்து, முன்னங்கால் இரண்டையும் அவர் நெஞ்சின் மேல் வைத்தது. கோபத்தில் இல்லை, சந்தோஷத்தில்தான். தள்ளுவது சந்தோஷத்தில் என்றாலும் விழுகிறவருக்கு அடி ஒன்றுதான். பின்னால் கட்டில் இருந்தது, பிழைத்தார். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிற்று.

"இன்னிக்குக் கட்டில் இருந்துச்சு. நாளைக்குத் தரையில விழுந்து இடுப்பு எலும்பு போச்சுன்னா, மறுபடி எந்திரிக்க மாட்டாரு. ஒண்ணு இவரு நடக்கணும், இல்ல நாய் இந்த வீட்ல இருக்கணும்" என்று அன்றே சொல்லிவிட்டேன். எனக்கு நாய்கள் மீது வெறுப்பில்லை. விழக்கூடிய நோயாளி இருக்கிற வீட்டில் ஆள் மேல் குதிக்கிற நாய் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

காஞ்சனாவின் கணவன் விமல் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வாதம் பண்ணுகிறவனில்லை. "நர்ஸம்மா சொல்றது கரெக்ட்டு. குன்றத்தூர்ல நம்ம கண்ணப்பன் டைல்ஸ் குடோனுக்கு நாய் கேட்டுகினே இருந்தான். டெம்போ அனுப்பச் சொல்றேன்" என்றான்.

காஞ்சனா அடுப்பைச் சின்னதாக்கினாள். "ரெண்டு மாசம் டைம் குடு."

"ரெண்டு மாசத்துல இன்னா ஆவும்?"

"முப்பது நாளு. வரிசையா முப்பது நாளு யாரு மேலயும் குதிக்காம இருந்துட்டா இங்கியே இருக்கட்டும். இல்லன்னா நானே தூக்கி டெம்போல ஏத்தறேன்."

மறுநாள் சமையலறை வாசலில் ஒரு சிலேட்டு தொங்கியது. இந்தப் பக்கத்துக் கம்பெனி வாசல்களில் அப்படி ஒரு பலகை இருக்கும். கடைசி விபத்து நடந்து எத்தனை நாளாயிற்று என்று தினமும் காலையில் எண்ணை மாற்றுவார்கள். யாராவது ஒருவருக்கு விரல் நசுங்கினால் போதும், இருநூறு நாளும் மறுநாள் பூஜ்யமாகிவிடும். சிலேட்டில் காஞ்சனா 'ஓட்டி குதிக்காத நாட்கள்' என்று எழுதி, கீழே பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டிருந்தாள். குதித்தால் மறுநாள் பூஜ்யம். குதிக்காவிட்டால் ஒன்று கூடும். விதி அவளுடையது, சுண்ணக்கட்டியும் அவளுடையதுதான்.

பிறகு நாயை வகுப்பில் சேர்த்தாள். வல்லக்கோட்டை போகும் வழியில், விற்காமல் கிடக்கிற ஒரு மனைப்பிரிவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கிற வகுப்பு. எட்டு ஞாயிறு. எதிர்வீட்டு மஹாலட்சுமி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று கேட்டாள்: "இன்னாடி, நாய்க்கு டியூசனா?"

"ஆமாக்கா. யூனிபாரம்தான் இன்னும் தைக்கல."

"நல்லாப் படிக்கிதா?"

"உங்க பையனாட்டம்தான். ஜன்னலப் பாத்துகினே இருக்குது."

அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று விசாரித்தபோது எனக்குத் தலை சுற்றியது. கம்பி தாண்டுவது, துணிக் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வருவது, நட்டுவைத்த குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுவது, மேசை மேல் ஏறி உட்காருவது. இதற்கு அஜிலிட்டி என்று பெயர். குதிக்கிற நாயைக் கொண்டுபோய்க் குதிக்கிற வகுப்பில் சேர்ப்பது, சர்க்கரை நோயாளியை மிட்டாய்க் கடையில் வேலைக்கு விட்ட மாதிரி இருந்தது. அதை அப்படியே சொன்னேன்.

"நானும் இதான் கேட்டேன்" என்றாள் காஞ்சனா. "ஜெபகுமார் சாரு இன்னா சொன்னாருன்னா, குதிக்காதன்னு சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியாதும்மா, எப்ப குதிக்கணும்னு சொல்லிக் குடுக்கத் தெரியும், அத்தக் கத்துகிச்சின்னா மீதி நேரம் நம்ம மூஞ்சப் பாத்துகினு நிக்கும்னாரு."

ஜெபகுமார் முன்பு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் நாய் பிடித்துக்கொண்டு கம்பெனி மதில்களைச் சுற்றி வந்தவர். முழங்கால் போன பிறகு இந்த வகுப்பைத் தொடங்கினார். தாண்டுகிற கம்பிகள் பிளாஸ்டிக் குழாய்கள். தண்ணீர் கேன்களில் மண் நிரப்பி அவற்றின் மேல் வைத்திருப்பார். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். வருகிற நாய்களெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பு லேப்ரடார்கள்; பீகிள் என்று நீளக் காது வைத்த ஒன்றும் உண்டு. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் உட்கார்ந்து வருவது ஓட்டி மட்டும்தான்.

மூன்றாவது வாரம், ஈரல் நறுக்கிக்கொண்டே, நான் கேட்காத ஒன்றைக் காஞ்சனா சொன்னாள். "நர்ஸம்மா, நெஜம் சொல்லட்டா? நாயிக்காகத்தான் போனேன். ஆனா அங்க போனா எனக்கு லைன்ல நிக்கிற மாதிரியே கீது."

அவள் லைன் என்றது இப்போதைய கண்ணாடி அறையை அல்ல. பத்தொன்பது வயதில் சேர்ந்து எட்டு வருடம், ஓடும் பெல்ட்டின் ஓரம் வரிசையாக நின்று போன் பூட்டிய செல்போன் கம்பெனியை. அது மூடிப் பல வருடமாகிறது. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் கத்தி நின்றுவிடும்.

முதல் ஷிஃப்டுக்கு இருட்டோடு பஸ் வருமாம். ஏறியதும் தூக்கம், யார் தோள் கிடைக்கிறதோ அதில் தலை. காஞ்சிபுரத்துப் பெண் தோளில் கடலூர்ப் பெண், அவள் தோளில் தென்காசிப் பெண். கம்பெனி வாசல் வந்ததும் ஒரே நேரத்தில் எல்லாத் தலையும் நிமிரும். உள்ளே வெள்ளைக் கோட்டு, தொப்பி, உடம்பின் மின்சாரம் போன் பாகங்களில் பாயாமலிருக்க மணிக்கட்டில் வயர் பட்டை. பூ வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. அதனால் லாக்கரில் வைத்துவிட்டுப் போவார்கள். "ஷிஃப்டு முடிஞ்சி லாக்கரு தொறந்தா, எட்டு மணி நேரம் வாடின மல்லிப்பூ வாசன அப்பிடியே மூஞ்சில அடிக்கும் நர்ஸம்மா. நூறு லாக்கரு ஒண்ணாத் தொறக்கும். இப்பக்கூட எங்கனாச்சும் வாடின பூ கெடந்தா எனக்குப் பசி எடுக்குது. அப்ப கேன்டீனுக்கு ஓடுவோம், அந்தப் பசி."

இப்போது அவள் வேலை செய்யுமிடத்தில் ஏசி உண்டு, நாற்காலி உண்டு. பேச ஆளில்லை. "அங்க பத்து நிமிசம் டீ பிரேக்கு. பத்து நிமிசத்துல ஒருத்தி கல்யாணம் பேசி முடிச்சி, ஒருத்தி சண்ட போட்டு, ஒருத்தி அழுது, மூஞ்சி கழுவிகினு லைனுக்கு வந்துடுவோம். இப்ப ஒரு மணி நேரம் லஞ்சு. இன்னா பண்றதுன்னு தெரியாம கண்ணாடியே பாத்துகினு கீறேன்."

எனக்கு என் பழைய வார்டு ஞாபகம் வந்தது. பிரசவ வார்டின் காலை ஆறு மணிச் சத்தம். சொல்லவில்லை. அவள் சொல்கிற நேரம் அது.

அங்கே அவளுக்கு இருந்தது சந்தனமாரி. சங்கரன்கோவில் பக்கம்; காஞ்சனாவைவிட இரண்டே வயது மூத்தவள், அதற்குள் லைன் லீடர். வேலையில் விதி ஒன்று: குறை கண்ணில் பட்டால் கையைத் தூக்க வேண்டும், தூக்கினால் லைன் நிற்கும், சரி செய்தபின்தான் ஓடும். சேர்ந்த இரண்டாவது மாதம் காஞ்சனா ஒரு திரையில் முடியளவு கீறலைப் பார்த்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் ஏற்கெனவே மூன்று தடவை லைன் நின்றிருந்தது. மறுபடி கை தூக்கினால் அத்தனை முகமும் திரும்பும். தூக்கவில்லை. அது கடைசி வரை போய், பெட்டிக்குள் போய், எந்தப் பெட்டி என்று தெரியாமல் இருநூறு பெட்டியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியது சந்தனமாரி. அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் காஞ்சனாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கடைசிப் பெட்டி வரை பிரித்தாள்.

"கடைசிப் பொட்டியத் தொறக்கசொல்ல ஒண்ணே ஒண்ணு சொன்னா. ஏட்டி, நீ பாத்தத நீ நிறுத்து, இல்லன்னா அடுத்தவ கைக்குப் போயிரும்லா, அப்பிடின்னா. அவ்ளோதான். அப்புறம் கேன்டீன்ல எம் முட்டையும் சேத்துத் தின்னுட்டா."

கம்பெனி மூடிய நாளில் பெல்ட் நின்றதும் காது அடைத்துப் போனதாம், அவ்வளவு அமைதி. எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றிருக்க, சந்தனமாரி கையைத் தூக்கினாள். "லைன் நின்னுட்டு, யாராச்சும் வாங்கலே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கையை இறக்க நேரமாயிற்றாம்.

காஞ்சனாவின் கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. கூடத்தில், மாமனார் கட்டிலுக்கு எதிரே, செங்கல் மேல் ஒரு பலகை போட்டாள். அதுதான் மேசை. பலகையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் ஓட்டி ஏறி உட்கார வேண்டும்; உட்கார்ந்தால் ஒரு துண்டு ஈரல். கையைத் தூக்கினால் எங்கே இருந்தாலும் நிற்க வேண்டும். கையைத் தூக்குவது ஜெபகுமார் சொல்லிக்கொடுத்ததில்லை. தானாக வந்துவிட்டது அவளுக்கு. வரதராஜுலு தலையணையில் சாய்ந்து, ஒரு பக்கம் இறங்கிய வாயோடு, தினம் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். டிவி போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர் இதற்கு மூடுவதில்லை.

சிலேட்டு மெதுவாகத்தான் நகர்ந்தது. மூன்று, பூஜ்யம். ஐந்து, பூஜ்யம். பால்காரர் மேல் ஒரு முறை, விமல் மேல் இரண்டு முறை. நான்காவது ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கேஸ் போடுகிற கொம்பையா மேல். "ஏம்மா, இது வூடா, சர்க்கஸா?" என்று கத்திவிட்டுப் போனார். அதோடு சரி. பிறகு எண்கள் ஏறத் தொடங்கின. பதினொன்று. பத்தொன்பது. இருபத்து நாலு. நான் உள்ளே நுழையும்போது ஓட்டி வால் மட்டும் ஆட்டிக்கொண்டு காஞ்சனாவின் முகத்தைப் பார்த்து நின்றது. ஆனால் முப்பது முப்பதுதான். எட்டாவது ஞாயிறன்று காலை சிலேட்டில் இருபத்தொன்பது இருந்தது. மறுநாள் திங்கள் பத்து மணிக்கு டெம்போ வரும், அல்லது வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வகுப்பு. ஒவ்வொரு நாயும் முழுச் சுற்றும் ஓட வேண்டும், ஜெபகுமார் நேரம் பார்ப்பார். விமல் அப்பாவோடு இருந்தான். காஞ்சனா என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனாள்.

ஓட்டி நன்றாகத்தான் ஓடியது. குழாய்க்குள் நுழைந்தது தெரிந்தது, வெளியே வந்தது தெரியவில்லை, அவ்வளவு வேகம். காஞ்சனாவும் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே ஓடினாள். நாலாவது கம்பியில் நாயின் பின்னங்கால் பட்டது. குழாய் கீழே விழுந்தது.

"பரவால்ல மேடம், ஓடுங்க, ஓடுங்க! அதுக்கு மார்க்குதான் கொறையும்!" என்று ஜெபகுமார் கத்தினார்.

காஞ்சனா கையைத் தூக்கினாள். ஓட்டி அந்த இடத்திலேயே நின்றது. அவள் திரும்பி வந்து, குழாயை எடுத்து, மண்ணைத் தட்டி, கேன்களின் மேல் வைத்தாள். குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். இடது ஓரம் சற்றுச் சாய்ந்திருந்தது. நேராக்கினாள். பிறகு நாயை மறுபடி அதன் மேல் தாண்ட வைத்தாள். அதற்குள் விசில் ஊதியாயிற்று. சுற்று ரத்து.

பீகிள்காரர் சிரித்தார். "மேடம், இது கன்வேயர் இல்ல மேடம்."

"தெரியுது சார். கீழ வுழுந்தத கண்ணால பாத்துட்டு எப்பிடி சார் போறது?"

ஜெபகுமார் ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுக்கொண்டார். "எட்டு வாரமா சொல்றேன். நாய் கத்துகிச்சு. நீங்கதான் கத்துக்கல" என்றார். காஞ்சனா வண்டிப் பையிலிருந்து ரிஜெக்ட் கிண்ணத்தை எடுத்து எல்லா நாய்களுக்கும் போட்டாள். வரும் வழியில் வல்லக்கோட்டைக் கோயில் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, கும்பிட்டாள். என்ன வேண்டினாள் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

திங்கட்கிழமை ஆறரைக்குப் போனேன். விமல் பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி சிலேட்டுக்கு எதிரே நின்றிருந்தான். சிலேட்டில் முப்பது இல்லை. பூஜ்யம்.

"நேத்து சாயங்காலம்" என்றாள் காஞ்சனா, என்னிடம்தான். "இவரு கடைக்குப் போயிருந்தாரு. மாமா கட்டில் மேல ஏறி, முன்னங்கால அவரு மேல வச்சிடுச்சி. அடி ஒண்ணும் இல்ல. நான் எறக்கி வுட்டுட்டேன்."

விமல் பிரஷ்ஷை எடுத்தான். "யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"வேற யாரு பாத்தா?"

"நான் பாத்தது பத்தாதா?"

"ஒரு நாளு காஞ்சனா! ஒரே ஒரு நாளு வாய மூடிகினு இருந்தா இன்னிக்கு முப்பது. ராத்திரியே கண்ணப்பனுக்குப் போன் பண்ணி வராதன்னு சொல்லலாம்னு இருந்தேன். இப்ப நீயே..." நாய் போக வேண்டும் என்று தலையாட்டியவனுக்கும் அது போகக் கூடாது என்பதே ஆசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காஞ்சனா ஓட்டியின் தட்டைக் கழுவி, துடைத்து, பெல்ட்டோடு ஒரு பையில் போட்டு வாசலில் வைத்திருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவின் மூடியை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

நான் கை கழுவிவிட்டு வந்தேன். நோயாளி மேல் நாய் ஏறியிருக்கிறது. அது எப்படி நடந்தது என்று கேட்பது என் வேலை. "சும்மா இருக்கும்போதே ஏறிச்சா?"

"இல்ல. மாமா தட்டனாரு."

"எதை?"

"மெத்தைய. ரெண்டு தட்டு. நான் பலகையத் தட்டுவேன் இல்ல, அதே மாதிரி. தெனம் பாத்துகினு இருந்தவருதானே. அது கூப்பிட்டாங்கன்னு ஏறிடுச்சி."

"அப்ப நாய் மேல தப்பு இல்லியே!" என்றான் விமல். "அது சொன்னபடிதானே கேட்டுச்சி!"

"கேட்டுல இருக்கற போர்டு யாரு மேல தப்புன்னு கேக்குமா? குதிச்சிச்சா இல்லியா, அவ்ளோதான்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றேன். "எந்தக் கையால தட்டினாரு?"

காஞ்சனா கண்ணை மூடினாள். கண்ணாடியில் பார்த்த கீறலை மறுபடி தேடுகிறவள் போல. "நான் நாயத்தான் பாத்தேன்... டீ குடுத்துட்டுத் திரும்பனேன். டம்ளர் அவரு இடது கையில. ஒரு சொட்டு சிந்தல. மெத்த மேல சத்தம் கேட்டுச்சி..." கண்ணைத் திறந்தாள். "நர்ஸம்மா, இடது கையில டம்ளர் இருந்துது."

எட்டு மாதமாக அந்த வலது கையைத் தூக்கி இறக்குகிறவள் நான். அதில் ஒரு விரல் தானாக அசைந்து பார்த்ததில்லை. கட்டிலுக்குப் போய், "தட்டுங்க பார்க்கலாம்" என்றேன். வரதராஜுலு கூரையைப் பார்த்தார். "உங்க கைதானே, தட்டுங்க." கூரைதான். பயிற்சி என்றால் அவர் எப்போதும் அப்படித்தான்.

"நமக்காகத் தட்ட மாட்டாரு" என்றாள் காஞ்சனா. பையிலிருந்த பெல்ட்டை எடுத்து மாட்டி, ஓட்டியைப் பிடித்து வந்து, கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள்.

கிழவர் நாயைப் பார்த்தார். நாய் கிழவரைப் பார்த்தது. மணிக்கட்டு எழவில்லை. ஆனால் போர்வை மேல் கிடந்த நான்கு விரல்களும் சேர்ந்து எழுந்து விழுந்தன. மறுபடி எழுந்து விழுந்தன. போர்வை மேல் என்பதால் சத்தம்கூட வரவில்லை. ஓட்டியின் நிமிர்ந்த காது அசைந்தது, ஆனால் ஏறவில்லை. காஞ்சனாவின் முகத்தைப் பார்த்து நின்றது.

விமல் கட்டில் பக்கம் வந்து, அந்த விரல்களைக் குனிந்து பார்த்தான்.

நான் இன்னும் இரண்டு தடவை செய்ய வைத்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு விமலிடம், டெம்போ வர வேண்டாமென்று போன் பண்ணச் சொன்னேன். அந்தக் கைக்கு இனிமேல் வேலை இருக்கிறது, அது ஒன்று. வார்டில் நோயாளி விழுந்தால் எழுதி வைக்கிறவர்களும் உண்டு, துடைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. முதல் வகை ஆளை நம்பி நாயோடு நோயாளியை விடலாம். அவர் வாக்கர் பிடித்து நடக்கும்போது மட்டும் நாய் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றேன்.

"சிலேட்டு ஜீரோதான் நர்ஸம்மா" என்றாள் காஞ்சனா.

"ஜீரோவாவே இருக்கட்டும். பஸ் வந்துடும், கெளம்பு."

வாசலில் இருந்த பையை அவள் எடுத்து உள்ளே வைத்தாள். தட்டை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். பிறகு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் போனபோது காஞ்சனா கூடத்தில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மஞ்சள் டேப் உருளை. ஆள் நடக்கிற வழி இது, பொருள் வைக்கிற இடம் இது என்று தொழிற்சாலைத் தரையில் கோடு ஒட்டுவார்களே, அந்த டேப். மாமனாரின் கட்டிலுக்கு வலப்பக்கம், அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில், நாய் உட்காரும் அளவுக்கு ஒரு சதுரம் ஒட்டியிருந்தாள். ஓட்டி அதற்குள் உட்கார்ந்திருந்தது. நாலாவது மூலையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு, காஞ்சனா கன்னம் தரையில் படக் குனிந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். அரை விரற்கடை கோணல். டேப்பைப் பிய்த்தெடுத்து, அந்தப் பக்கத்தை முதலிலிருந்து ஒட்டத் தொடங்கினாள்.